புதுச்சேரி, கடலூர் வீதிகளில் உட்கார்ந்து வரைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழுவாக உட்கார்ந்து வரையும்போது, பக்கத்தில் வந்து நிற்பவர்களும் ஊர் பார்க்க வந்த பயணிகளும் புதிதாகச் சேர்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். எல்லாமே இந்தக் கரையோரத்து வெயிலையும் உப்புக்காற்றையும் மனதில் வைத்துச் சொன்னவை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் தாள், வண்ணம் பற்றிய பகுதிகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இடத்துக்கே போய்த்தான் வரைய வேண்டுமா? போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரைந்தால் என்ன?

வரையலாம், ஆனால் அது வேறு வகை வேலை. தாழ்வாரம் வைத்த ஒரு தமிழ் வீட்டை மொபைலில் எடுத்துப் பாருங்கள். வெளியே வெயில் வெளுத்திருக்கும், தாழ்வாரத்துக்குக் கீழே வெறும் கறுப்பு. அதே நிழலுக்குள் கண்ணுக்குத் திண்ணையின் சிவப்பு சிமென்ட், சாத்தி வைத்த சைக்கிள், கதவு நிலையில் பூசிய மஞ்சள் எல்லாம் தெரியும். கண் நொடிக்கு நொடி தன்னை மாற்றிக்கொண்டு பார்க்கிறது, கேமரா ஒரே அளவில் பார்க்கிறது. கிட்டத்தில் நின்று எடுத்தால் சுவர்கள் பின்பக்கமாகச் சாய்வதும் கேமராவின் வேலைதான்.

இப்படி நேரில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கென்று உலகம் முழுக்க ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. சியாட்டில் நகரத்தில் வேலை பார்த்த பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் தொடங்கியது. அதன் கொள்கைகள் எட்டு. இடத்தில் இருந்தபடியே பார்த்து வரைவது முதலாவது. படம் அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் பதிவாக இருக்க வேண்டும், கண்ட காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பவையும் அதில் உண்டு.

அந்தப் ‘பதிவு’ என்பது இந்த ஊருக்கு மிகவும் பொருந்தும். கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் திரும்பக் கட்டியது. பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் சரிந்தது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்ற யானை லட்சுமி அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனது. யாரும் பெயர் சொல்லாத ஓட்டு வீடுகள் போவது இன்னும் வேகம். ஒரு வீட்டை வரைய வேண்டும் என்று தோன்றினால் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

எனக்கு வரையவே தெரியாது. வரலாமா?

வாருங்கள். முதல் நாள் முழுக் கட்டடத்தைத் தொடாதீர்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு தெருவிளக்கு போதும். தபால்பெட்டி அளவுள்ள ஒரு பொருளை 40 நிமிடம் பார்த்து வரைந்தால், தெருவையே 10 நிமிடத்தில் வரைவதைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

எல்லாம் ஒரே தோள்பைக்குள் அடங்க வேண்டும். A5 அளவு ஸ்கெட்ச்புக், 2B பென்சில், 0.3 அல்லது 0.5 வாட்டர்புரூஃப் பேனா, 8 முதல் 12 நிறம் கொண்ட வண்ணப்பெட்டி, 8-ஆம் எண் ரவுண்டு பிரஷ் ஒன்று, மூடி இறுகும் சிறிய தண்ணீர் டப்பா, பழைய வேட்டித் துணி ஒரு துண்டு, பெரிய கிளிப் இரண்டு. டிஷ்யூ பேப்பரைவிட வேட்டித் துணி நல்லது. காற்றில் பறக்காது, பிரஷில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதும் அதில் ஒற்றும்போது கைக்குத் தெரியும். கிளிப்பை மறந்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தால் ஒரு கை முழுக்கப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளவே போய்விடும்.

35 முதல் 40 செ.மீ. உயரமுள்ள மடக்கு ஸ்டூல் இருந்தால் எங்கேயும் உட்காரலாம். குடிக்க ஒரு லிட்டர் தண்ணீரைத் தனியாக வையுங்கள். தொப்பி அவசியம், கூலிங் கிளாஸ் வேண்டாம். அது போட்டுக்கொண்டு கலக்கிய நிறம் கழற்றியதும் வேறாகத் தெரியும். அதே காரணத்தால் பக்கத்தின் மேல் நேர் வெயில் விழவும் விடாதீர்கள். வெயிலில் தாள் கண்ணைக் கூசவைக்கும், நிறங்கள் இருப்பதைவிடப் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் படம் முழுக்க இருண்டிருக்கும்.

நிறங்களில் இந்த ஊருக்கு அவசியமானவை: யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், பெர்மனன்ட் ரோஸ், அல்ட்ராமரைன், செருலியன் நீலம், சாப் கிரீன். கறுப்பு தேவையில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வெளிர் சாம்பலில் இருந்து ஆழ்ந்த கருமை வரை எல்லாம் வந்துவிடும். அலிசரின் கிரிம்சனை வாங்காதீர்கள். அசல் அலிசரின் வெளிச்சத்தில் மங்கும். காகிதப்பூவுக்குப் பெர்மனன்ட் ரோஸ்தான் சரியான நிறமும்.

தேன் சேர்த்துச் செய்த வாட்டர்கலர் டியூப்கள் இங்கே தொல்லை தரும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பெட்டிக்குள் காயாமல் பிசுபிசுக்கும், பையைச் சாய்த்தால் பக்கத்து நிறத்துக்குள் ஓடும். டியூப் வண்ணத்தைச் சிறு பான்களில், அதாவது பெட்டிக்குள் வைக்கும் சின்னக் கிண்ணங்களில், ஊற்றி உலர்த்துவதென்றால் ஏப்ரல், மே மாதங்களில் செய்யுங்கள். பாதி அளவு ஊற்றி, காய்ந்தபின் மீதியை ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே குழைவாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும்.

எந்தத் தாள்?

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்போம். பேனா மட்டும் என்றால் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். வண்ணம் பூசுவதென்றால் குறைந்தது 200, முடிந்தால் 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரஸ், அதாவது லேசாகச் சொரசொரப்பான தாள். அதற்குக் கீழே போனால் தண்ணீர் பட்டதும் தாள் வளைந்து, பள்ளத்தில் நிறம் தேங்கி, காய்ந்தபின் விளிம்பில் கறை கட்டும்.

வாட்டர்கலர் தாளுக்குப் பசை ஏற்றியிருப்பார்கள். அந்தப் பசைதான் நிறத்தை மேலேயே நிறுத்தி வைக்கிறது. கரையோர ஈரத்தில் இரண்டு மழைக்காலம் அலமாரியில் கிடந்த தாளில் பசை கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணப் பூச்சு) போட்டதும் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தாளை மொத்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். இருப்பதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-லிருந்து நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்யும் அழகான தாள்கள் அங்கே கிடைக்கும். ஆனால் கைக்காகிதம் எல்லாமே வாட்டர்கலருக்கு ஆகாது. வாங்கியதும் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். அரை நிமிடம் முத்தாக நின்றால் வண்ணம் பூசலாம். விழுந்ததும் பரவி மறைந்தால் அது கரிக்கோலுக்கும் பென்சிலுக்கும் ஆனது.

பேனா மைக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு. நாலு கோடு கிறுக்கி, ஒரு நிமிடம் விட்டு, ஈரப் பிரஷால் தேய்க்க வேண்டும். பாட்டிலில் வாட்டர்புரூஃப் என்று போட்டிருந்தாலும், பசை அதிகம் ஏறிய தாளில் ஈரமான காலையில் மை காய நேரமெடுக்கும். அவசரப்பட்டால் கோடு கரைந்து மஞ்சள் சுவர் அழுக்காகும். பிக்மென்ட் மை போட்ட ஃபவுண்டன் பேனாவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரில் அலசுங்கள். நிப்புக்குள் உறைந்துவிட்டால் மீட்பது கஷ்டம். விமானத்தில் வருகிறவர்கள் பேனாவை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, நிப் மேலே பார்க்க வையுங்கள். பாதி நிரம்பிய பேனாவில் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது? நிழலை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை சுகம். ஏப்ரல், மே என்றால் காலை 6 முதல் 8:30 வரை, மாலை 4:30-க்கு மேல். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை, அன்றன்றைக்கு வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிழலைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். புதுச்சேரியின் பழைய பகுதி கட்டம் போட்டது போன்ற ஊர், வீதிகள் ஏறக்குறைய வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. துய்மா வீதி, மிஷன் வீதி போல வடக்கு தெற்காக ஓடும் வீதியில், காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் சுவரோரம் நிழல் இருக்கும். அங்கே உட்கார்ந்து, எதிரே வெயில் விழும் மேற்கு வரிசையை வரையுங்கள். பிற்பகலில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வைசியாள் வீதி போலக் கிழக்கு மேற்காக ஓடும் வீதிகளில் மாதம் முக்கியம். நாம் இருப்பது 12 பாகை வட அட்சரேகைக்குச் சற்றே கீழே. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவே சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே தையிலும் மாசியிலும் தெற்கு வரிசைத் திண்ணைகளில் நாள் முழுக்க நிழல், எதிர்வரிசை முகப்புகள் மேல் வெயில். வரைய அதைவிட நல்ல இருக்கை கிடையாது. ஆனி, ஆடியில் வடக்கு வரிசையில் இடம் பிடியுங்கள்.

நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உட்கார்ந்த முதல் 10 நிமிடத்துக்குள் நிழலின் ஓரங்களைப் பென்சிலில் குறித்துவிடுங்கள், பிறகு அதை மாற்றவே வேண்டாம். நடுவில் மனம் மாறித் திருத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

புதுச்சேரியில் எங்கே தொடங்குவது? ஒயிட் டவுன் எனும் பழைய பிரெஞ்சுப் பகுதி தானே?

அங்கே தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. பாரதி பூங்காவும் நடுவிலிருக்கும் ஆயி மண்டபமும் தொடக்கத்துக்கு ஏற்றவை. மரநிழல், பெஞ்ச் எல்லாம் உண்டு, நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வெள்ளைக் கட்டடம் என்பதால் அளவு பழகவும் வசதி. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7:30 வரை வண்டிகள் விடமாட்டார்கள். விடிந்ததும் அங்கே போனால் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களை நிம்மதியாக வரையலாம். 1836-ல் எழுந்த பழைய கலங்கரை விளக்கமும் அருகில்தான். துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்னும் தேவாலயமும் எதிரே ஜான் ஆஃப் ஆர்க் சிலையும் ஒரே காட்சிக்குள் வரும்.

ஆனால் ஒயிட் டவுனையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். ஒயிட் டவுன் வீடுகள் பெரும்பாலும் உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமாக இருக்கின்றன, வாழ்க்கை உள்ளே நடக்கிறது. தமிழ்ப் பகுதி வீடு வீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், மாடியில் பிரெஞ்சுச் சாயலில் வளைவு ஜன்னல், கீழே பூக்கட்டும் பாட்டி. வைசியாள் வீதியில் ஒரு பகுதியை முழுதாகச் சீரமைத்து 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது வாங்கினார்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் இன்னொரு விதமான வீட்டு முகப்புகள். பெரிய மார்க்கெட்டுக்குள் ஸ்டூல் போடாதீர்கள், தூண் ஓரம் நின்றபடி 10 நிமிடப் படம் போடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா அழகுதான், ஆனால் எதிரே ஓயாத போக்குவரத்து. ஞாயிறு அதிகாலை தவிர வேறு நேரம் சிரமம்.

தெருவை வரைந்தால் வீடுகள் பள்ளத்தில் சரிவது போல வருகின்றன. ஏன்?

கண்மட்டக் கோட்டை முதலில் போடாததுதான் காரணம். உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம்தான் படத்தின் தொடுவானம். அதற்கு மேலே இருக்கும் கோடுகள், அதாவது கூரை விளிம்பு, பால்கனி, ஜன்னல் தலைப்பு எல்லாம், தூரம் போகப் போக இறங்கி வரும். கீழே இருக்கும் திண்ணை ஓரமும் தெரு ஓரமும் ஏறி வரும். எல்லாம் கூடும் இடம் அந்தக் கோட்டின் மேல் இருக்கும் ஒரே புள்ளி.

இதைக் கற்க புதுச்சேரிக்கு இணையான ஊர் குறைவு. புஸ்ஸி வீதி போலக் கடலைப் பார்த்து நேராக ஓடும் வீதியில் கிழக்கே பார்த்து நில்லுங்கள். வீதி முடியும் இடத்தில் கடல் தெரியும். கடலும் வானும் தொடும் அந்தக் கோடே உங்கள் கண்மட்டம், இயற்கையே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அது கடலோரச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும், அதனால் நின்றபடி குறித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கண்மட்டமும் இறங்கிவிடுகிறது. இரண்டையும் கலப்பதுதான் தெரு பள்ளமாவதற்கு இன்னொரு காரணம்.

உட்கார்ந்த நிலையில் கண்மட்டத்தைக் கண்டுபிடிக்க, பென்சிலை மூக்குக்கு நேராகக் கிடையாகப் பிடித்து, அது எதிர்வீட்டில் எதன்மேல் படுகிறது என்று பாருங்கள். மனிதர்களை வைக்கவும் இது உதவும். நீங்கள் நின்று வரைந்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய தலையும் கிட்டத்தில் இருந்தாலும் எட்டத்தில் இருந்தாலும் அந்தக் கோட்டின் மேலேயே வரும். கால்கள் மட்டும் மேலும் கீழுமாக மாறும். ஸ்டூலில் இருந்தால் கோடு அவர்கள் இடுப்புக்குச் சற்று மேலே ஓடும். இது ஒன்று சரியானால் கூட்டம் தெருவில் காலூன்றி நிற்கும்.

தாழ்வார வீட்டில் இவ்வளவு தூண், ஓடு, கம்பி. எதிலிருந்து ஆரம்பிப்பது?

நிழலிலிருந்து. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தாழ்வாரத்துக் கீழ் நிழல் முழுவதும் ஒரே இருண்ட வடிவமாகத் தெரியும். அந்த வடிவத்தின் வெளிக்கோட்டை முதலில் போடுங்கள், தூண்கள் அதற்குள் விடப்பட்ட வெள்ளை இடைவெளிகள். அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா கலவையை நிறையக் கரைத்துக்கொண்டு, தூண்களைச் சுற்றி ஒரே ஓட்டத்தில் நிழலைப் பூசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஈரமாக இருக்கும்போதே கீழ்ப்பக்கம் கொஞ்சம் லைட் ரெட் தொட்டுவிடுங்கள். சிவப்புத் திண்ணையின் எதிரொளி தானாக வரும்.

நாட்டு ஓட்டை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லை. கீழ் விளிம்பில் ஒரு வரிசை வளைவுகள், நடுவில் அங்கங்கே நாலைந்து, உடைந்த இடத்தில் இரண்டு. மின்கம்பிகளை விடுவதா போடுவதா என்று கேட்கிறார்கள். போடுங்கள் என்பது எங்கள் கருத்து. அவை இல்லாத மிஷன் வீதி உண்மையான மிஷன் வீதி இல்லை. கடைசியில், கையைத் தூக்கி ஒரே இழுப்பில் போடுங்கள்.

மஞ்சள் சுவரில் நிழல் போட்டால் பச்சையாகிவிடுகிறது.

சுவர் காய்வதற்கு முன் நீல நிழல் போட்டிருப்பீர்கள். ஈரத்தில் மஞ்சளும் நீலமும் கலந்தால் வேறு என்ன வரும்? சுவருக்கு யெல்லோ ஓக்கர், துளி பர்ன்ட் சியன்னா. வெள்ளைப் பட்டைகளைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம். மே மாதத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் காயும். மழைக்காலக் கடற்கரையில் கால் மணி நேரம்கூட ஆகும், அதற்குள் இன்னொரு பக்கத்தில் ஆட்களை வரைந்துகொண்டிருக்கலாம். காய்ந்தபின் அல்ட்ராமரைனோடு பெர்மனன்ட் ரோஸ் சேர்த்து ஊதாச் சாயலில் ஒரு நிழல், அதை மட்டுப்படுத்த துளி பர்ன்ட் சியன்னா. ஒரே தடவை பூச வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் கீழிருக்கும் மஞ்சள் கிளம்பிச் சேறாகும்.

கோபுரத்தைக் கண்டாலே பயமாக இருக்கிறது. எத்தனை சிலை!

சிலைகளை எண்ணாதீர்கள், நிலைகளை எண்ணுங்கள். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அடி அகலத்தையும் உச்சி அகலத்தையும் நீட்டிய கையில் பிடித்த பென்சிலால் அளந்து, இரண்டு பக்கச் சரிவுகளை இழுங்கள். நிலைகள் மேலே போகப் போக உயரத்தில் குறையும். சமமாகப் பிரித்தால் கோபுரம் அலமாரி ஆகிவிடும். ஒவ்வொரு நிலையிலும் நடு வாசல் அந்தச் செங்குத்துக் கோட்டின் மேல் உட்காரும். சிலைகளை வெளிவிளிம்பில் வானத்துக்கு எதிராகவும், வெயிலும் நிழலும் சந்திக்கும் ஓரத்திலும் மட்டும் காட்டினால் போதும். மற்ற இடத்தில் சிறு நிழல் புள்ளிகள்.

கோபுரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விலகி உட்காருங்கள். இடமில்லாவிட்டால் முழுதாக அடைக்கப் பார்க்காமல் கீழ் வாசலையும் முதல் நிலையையும் மட்டும் வரையுங்கள். வாசலில் பூக்கடை, செருப்புக் காக்கும் இடம், விளக்கு விற்கும் அம்மா. கோபுரத்தின் உயரத்தை அவர்கள்தான் காட்டுவார்கள்.

கடலூரில் வரைய என்ன இருக்கிறது?

நிறைய. புதுச்சேரியிலிருந்து சுமார் 22 கி.மீ., பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலும் அதைச் சுற்றிய கடைவீதிகளும், மஞ்சக்குப்பத்தில் பிரிட்டிஷ் காலத்து அரசுக் கட்டடங்களும் பெரிய மரங்களும், திருவந்திபுரத்தில் கெடில ஆற்றங்கரையும் மலைப் படிகளும். ஆங்கிலேயர் 1690-ல் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை தேவனாம்பட்டினத்துக்கு அருகே. இப்போது சிதைவுகளே மிச்சம், அதனால் கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

எங்கள் முதல் விருப்பம் முதுநகர் துறைமுகப் பக்கம். படகுகள், வலைக்குவியல், ஐஸ் பெட்டி, ஏலம், உப்பனாற்றுத் தண்ணீரில் எல்லாவற்றின் நிழல். துறைமுக வளாகத்துக்குள் போக வேண்டுமானால் வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் தேவனாம்பட்டினம், தாழங்குடா கரையில் ஏற்றி வைத்த பைபர் படகுகள் போதும்.

படகு வரைய ஒரு வழி: படுத்த ஒரு ‘8’ போடுங்கள். ஒரு வளையம் பெரியதாக, ஒன்று சிறியதாக. இரண்டு வளையங்களின் வெளிக்கோடுகளே படகின் இரு விளிம்புகளாகும். முனைகளிலிருந்து அடிப்பகுதிக்குக் கோடு இறக்கினால் உடல் வந்துவிடும். முன்மூக்கு எப்போதும் பின்பக்கத்தைவிட உயரம். கரையேற்றிய படகு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வைக் குறைத்து வரைந்தால் மிதப்பது போலத் தெரியும். வலையை நூல்நூலாக வரைய வேண்டாம். ஒரே வடிவமாக நிறம் பூசி, காய்ந்தபின் நாலைந்து மிதவைகளும் சில கோடுகளும். படகின் பெயரை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள், அதன் சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது முதலில் அதைத்தான் தேடுவார்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சுற்று வட்டாரச் சாமிகள் கடலாட வருவார்கள். நின்று வரையும் கூட்டம் அது. ஸ்டூலை வீட்டில் விட்டு, பேனாவும் சிறிய நோட்டுமாகப் போங்கள்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? போலீஸ் கேட்டால்?

பொது வீதியில் உட்கார்ந்து வரைய அனுமதி தேவையில்லை. நடைபாதையை மறிக்காமல் இருந்தால் போதும். துணைநிலை ஆளுநர் மாளிகை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் போன்ற காவல் உள்ள இடங்களில் கேட்டுக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். காவலர் வந்தால் எழுந்து நின்று ஸ்கெட்ச்புக்கைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவரது சிவப்புத் தொப்பியை வரையச் சொல்லுவார். நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

கோயிலில் வெளிப் பிராகாரம் வரை வரையலாமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். சன்னிதிக்குள் வேண்டாம். தேவாலயத்தில் பூசை நேரம் தவிர்த்து, பின் பெஞ்சில், பென்சில் மட்டும். அரவிந்தர் ஆசிரமத்துச் சமாதி முற்றம் தியானத்துக்கானது, அங்கே பையைத் திறக்கவே வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரும் முன் கதவைத் தட்டி, “அம்மா, கொஞ்ச நேரம் இங்க உக்காந்து எதிர்வீட்ட வரைஞ்சுக்கலாமா?” என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. முடிந்ததும் அவர்களுக்குப் படத்தைக் காட்டிவிட்டு வருவது மரியாதை.

ஆட்களை வரைந்தால் கோபித்துக்கொள்வார்களா?

தூரத்து உருவங்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. முகம் தெரிய வரைவதென்றால் கேளுங்கள். மீன் விற்கும் அக்காவிடம் வியாபாரம் சூடாக இருக்கும் 8 மணிக்குக் கேட்காமல், கூட்டம் குறைந்தபின் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட வேண்டும், ஒளிந்து வரையக் கூடாது. வேலை செய்பவர் நகர்ந்துகொண்டே இருந்தாலும் அதே அசைவுக்குத் திரும்பித் திரும்பி வருவார். ஒரே பக்கத்தில் மூன்று நாலு நிலைகளைத் தொடங்கி வைத்து, எந்த நிலைக்கு அவர் திரும்புகிறாரோ அதில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போங்கள்.

குழுவோடு வந்தால் என்ன நடக்கும்?

காலை 6:30-க்குக் கூடுவோம். இடத்தை ஒரு சுற்று நடந்து பார்த்து, 7 மணிக்கு அவரவர் இடம் பிடிப்பார்கள். முதலில் தீப்பெட்டி அளவில் இரண்டு நிமிடச் சிறுபடம் ஒன்று போடுங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே நிறம். எது படத்துக்குள் வருகிறது, எது வராது என்பதை அங்கேயே முடிவு செய்யலாம். பிறகு பென்சில் அமைப்புக்கு 10 நிமிடம், பேனாவுக்கு அரை மணி, வண்ணத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 8:30-க்குள் முடியும். அதன்பின் எல்லா ஸ்கெட்ச்புக்குகளையும் தரையில் பரப்பி வைத்துப் பார்ப்போம். பிறர் படத்தைத் திருத்துவதில்லை, அவரே கேட்டால் மட்டும் சொல்வோம். ஒரே கோபுரத்தை ஒன்பது பேர் ஒன்பது விதமாகப் பார்த்திருப்பதைக் காண்பது, புதியவர்களுக்கு எந்தப் பாடத்தையும்விடப் பயன்படும்.

10 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். கடற்கரையில் பாறைகள் மேல் ஏற விடாதீர்கள்.

ஒரே நாள்தான் ஊரில் இருப்பேன். எப்படித் திட்டமிடுவது?

மூன்று படம் போதும். 6 மணிக்குக் கடற்கரை. சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு வைசியாள் வீதி நிழல். வெயில் நேரத்தில் வரைய வேண்டாம், சாப்பிட்டுத் தூங்குங்கள். 4:30-க்கு மேல் நேரு வீதிக் கடைகளோ, ஞாயிறானால் காந்தி வீதிச் சந்தையோ. இன்னும் இரண்டு இடம் பார்க்கலாமே என்று ஆட்டோவில் ஓடினால் எல்லாமே பாதிப் படமாக நிற்கும்.

மழை வந்துவிட்டால்?

தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி மழையையே வரையுங்கள். நனைந்த தெரு, தூண்களின் தலைகீழ்ச் சாயல், வெளிர்ந்த எதிர்வீடு. ஈரக் காற்றில் வாஷ் காயாது, அதனால் பேனாவும் ஒரே ஒரு சாம்பல் நிறமும் போதும். ஈரப் பக்கத்தை மூடவே கூடாது, எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவசரம் என்றால் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடி, வீடு போனதும் திறந்து மின்விசிறிக் கீழே வையுங்கள்.

முடிக்காமல் வந்த படத்தை வீட்டில் முடிக்கலாமா?

வண்ணத்தை மட்டும், அதே நாளில். கோடுகளைச் சேர்க்காதீர்கள், நினைவிலிருந்து போடும் ஜன்னல் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஜன்னலாகவே வரும். இடத்தைவிட்டு எழும் முன், எந்த நிறம் எங்கே என்று சிறு எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் என்ன எழுத வேண்டும்?

தேதி, நேரம், வீதியின் பெயர், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள் என்பது. வீட்டு எண் தெரிந்தால் அதுவும். காதில் விழுந்த ஒரு வரியைச் சேர்ப்பவர்களும் உண்டு. பென்சிலில் எழுதாமல் வாட்டர்புரூஃப் மையில் எழுதுங்கள். பிறருக்குப் பகிர ஸ்கேன் செய்தால் 300 டிபிஐ போதும். மொபைலில் எடுப்பதானால் பக்கத்தை நிழலில் கிடத்தி, நேர் மேலிருந்து எடுங்கள்; வெயிலில் எடுத்தால் உங்கள் கையின் நிழலும் தாளின் மேடுபள்ளமும் படத்தோடு சேர்ந்து வரும்.